தனியாக மாட்டிய இசியுவும் கோலாலம்பூர் மழையும்: நனையாமல் வைக்க, நனைந்தால் பழுது பார்க்க

கார் கம்பெனி மாட்டித் தரும் இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, எங்கே உட்கார வேண்டும், ஒயர் எந்த ஓட்டை வழியாக வர வேண்டும், கனெக்டர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் யாரோ யோசித்து, தண்ணீர் அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பார்கள். நாம் பிறகு வாங்கி மாட்டும் ஹால்டெக், லிங்க், மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற பெட்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செந்தூலிலோ செகாம்புட்டிலோ ஒரு வொர்க்‌ஷாப்பில், கடை சாத்துகிற நேரத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே கை எட்டுகிற இடத்தில் பசை டேப்பால் ஒட்டிவிடுவார்கள். மழை இல்லாத நாட்களில் ஒன்றும் தெரியாது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை பிடித்துக்கொள்ளும்போதுதான் எஞ்சின் உதறும், ஐடில் ஏறி இறங்கும், ஒரு நாள் ஸ்டார்ட்டே ஆகாது.

புதிதாக இசியு மாட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, “எந்தக் கோட்டிங் வாங்கலாம்?” என்பதுதான். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின்மேல் ஈரம் படாமல் அடிக்கும் பூச்சுதான் கோட்டிங். அது கடைசி வேலை. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்து, அதை வேறு பக்கம் திருப்பிவிட்டாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். பெட்டியை இறுக்கி அடைப்பதைவிட, தண்ணீர் அதனிடம் வராமலும், வந்தால் தேங்காமல் வடியும்படியும் வைப்பதுதான் நம் ஊருக்குச் சரிப்படும்.

தண்ணீர் வரும் வழி

பெரும்பாலும் இசியுவை இடப்பக்கப் பயணியின் காலடியில்தான் வைக்கிறார்கள். அந்த இடத்துக்குத் தண்ணீர் மூன்று பக்கத்திலிருந்து வரும்.

முதலாவது ஏர்கோன். உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் படியும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயைத் தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ப்பெட்டில் இறங்கும். ஏர்கோனை இருபது நிமிடம் ஓடவிட்டுக் காருக்கு அடியில் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கே ஈரம் இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளம். மரத்தடியில் நிறுத்தும் கார் என்றால் இலைச் சருகு சேர்ந்து வடிகால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏர்கோன் காற்று இழுக்கும் துவாரம் வரை ஏறி உள்ளே வழியும்.

மூன்றாவது நாமே போட்ட ஓட்டை. எஞ்சின் பக்கத்திலிருந்து ஒயர்க் கட்டை உள்ளே கொண்டுவர ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நம் காலடிக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) துளை போட்டிருப்பார்கள், அல்லது அந்த ஓட்டையை அடைக்கும் பழைய ரப்பர் வளையத்தை, கிராமெட்டை, கத்தியால் கீறியிருப்பார்கள். நான் பார்த்த ஈர இசியுக்களில் இந்தக் கீறலுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று, அழுத்தமில்லாத சாதாரண ஹோஸால் முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் பத்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். இன்னொருவர் கார்ப்பெட்டை உயர்த்தி, டார்ச் அடித்து டேஷ்போர்டுக்குக் கீழே பார்க்க வேண்டும். இசியுவைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். கார்ப்பெட் மேலே காய்ந்தாற்போல் இருப்பதை நம்ப வேண்டாம். அடியில் இருக்கும் பஞ்சு பல வாரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், கதவைச் சாத்தியதும் அந்த ஈரம் ஆவியாகி மேலே ஏறும்.

பலருக்குத் தெரியாத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது: ஒயருக்கு உள்ளேயே வருவது. சென்சார் பக்கம் கனெக்டரில் ரப்பர் சீல் இல்லையென்றால், நுண்ணிய செம்பு இழைகளுக்கு நடுவே தண்ணீர் தானாக ஊர்ந்து, பிளாஸ்டிக் தோலுக்குள்ளேயே பயணித்து இசியு பின் வரை வந்து சேரும். சந்தேகமிருந்தால் அந்த ஒயரின் நுனியில் இரண்டு சென்டிமீட்டர் தோலைச் சீவிப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் நல்லது. கறுத்து, நடுவில் பச்சை மாவு படிந்து, விரலால் வளைத்ததும் இழை பொடிந்தால் அந்த ஒயரை முழுநீளத்துக்கும் மாற்றுங்கள். நுனியை மட்டும் வெட்டிப் புதுப் பின் போடுவது வீண்வேலை.

எங்கே வைப்பது, எப்படி வைப்பது

தரையில் வைக்கவே வேண்டாம். குளோவ் பாக்ஸுக்குப் பின்னாலோ டேஷ்போர்டின் உட்புறத்திலோ உயரமாக வையுங்கள். ஏர்கோன் குழாயைத் தொடாமல் இருக்கட்டும். குளிர்ந்த பெட்டியின்மேல் வெளிக்காற்றின் ஈரம் படியும். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. குளிர்ந்த காரின் கதவைத் திறந்து வைத்தாலே போதும், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவதுபோல் இசியுவுக்குள் இருக்கும் போர்டிலும் படியும். இதே காரணத்தால் இசியுவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே போன ஈரம் வெளியே வராது, சூடும் போகாது.

கனெக்டர் கீழே பார்க்கட்டும், முடியாவிட்டால் பக்கவாட்டில் பார்க்கட்டும். மேல்நோக்கி மட்டும் வைக்காதீர்கள். பெட்டிக்கு வருமுன் ஒயர்க் கட்டு ஒரு முறை கீழே தொங்கி, பிறகு மேலேறி கனெக்டருக்குள் நுழைய வேண்டும். ஒயர் வழியே வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். காசு செலவில்லாத இந்த ஒரு வளைவுக்கு நிகராக எந்த ஸ்ப்ரேயும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஃபயர்வால் ஓட்டைக்கும் அதே கணக்கு. சரியான அளவு கிராமெட் போட்டு, எஞ்சின் பக்கம் ஒயர்க் கட்டு கீழிருந்து மேலேறி நுழையும்படி வையுங்கள். இடுக்கை அடைக்க சிலிக்கோன் பூசுவதென்றால் ஹார்ட்வேர் கடையில் கையில் கிடைத்ததை வாங்க வேண்டாம். மீன்தொட்டிக்கும் கண்ணாடிக்கும் விற்கும் சாதாரண சிலிக்கோன் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று போட்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மெகாஸ்குவர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் அலுமினியப் பெட்டி பார்க்கக் கெட்டியாக இருந்தாலும், இரண்டு பக்கத் தகட்டிலும் கனெக்டரைச் சுற்றி இடைவெளி இருக்கும். அந்த 37 பின் கனெக்டர் கம்ப்யூட்டர் உலகத்திலிருந்து வந்தது, தண்ணீருக்காகச் செய்ததல்ல. எஞ்சின் ரூமில் அதை வைக்கவே கூடாது. இன்னொன்று, பல மாடல்களில் இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் போர்டிலேயே இருக்கும். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்கம் குழாய் நேராகப் பெட்டிக்குள் வரும். பெட்டியிலிருந்து எஞ்சின் வரை அந்தக் குழாய் சரிவாகக் கீழிறங்க வேண்டும், மேனிஃபோல்டின் மேற்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். நடுவில் தொய்வு விழுந்தால் பெட்ரோல் ஆவியும் ஈரமும் அங்கே தேங்கிச் சென்சாரின் மூக்குக்குப் போய்விடும்.

‘ஐபி67’ என்று போட்டிருக்கும் பெட்டி வாங்கினால் கவலையே இல்லையா? தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். அதுவும் சரியான கனெக்டர் மாட்டி, எல்லாச் சீலும் இருந்தால்தான். கார் வாஷ் கடையின் பிரஷர் தண்ணீருக்கு அந்தச் சோதனை பொருந்தாது. அப்புறம், சூடான பெட்டியில் சடாரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே தண்ணீரை உறிஞ்சும். இதற்காகத்தான் சில பெட்டிகளில் காற்று மட்டும் போய்வரும் ஒரு சின்ன வட்டச் சவ்வு வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டை என்று நினைத்துச் சிலிக்கோன் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கனெக்டர்

ஒயரின் பருமனுக்கு ஏற்ற ரப்பர் சீல், பின்னை ஒயரோடு நசுக்கி இணைக்க அந்தப் பின்னுக்கென்று உள்ள கிரிம்ப் கருவி, காலியான பின் ஓட்டைகளுக்கு மூடி ஆகிய மூன்றும் இருந்தால் கனெக்டர் தண்ணீரைத் தடுக்கும். ஒன்று குறைந்தாலும் தடுக்காது. இசியுவில் 34 பின் இருக்கும், நாம் பயன்படுத்துவது இருபதுதான் இருக்கும். மிச்ச ஓட்டைகளைத் திறந்தபடி விட்டால் சீல் இருந்து என்ன பயன்? மின்சாரம் கடத்தாத டையலெக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீல்மேல் மெல்லியதாகத் தடவினால் போதும். ஒயரை ஒட்டுப் போட வேண்டி வந்தால், சூடு காட்டினால் சுருங்கும், உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். கறுப்பு ஒயரிங் டேப் நம் வெயிலில் பசை உருகி நழுவிவிடும்.

கோட்டிங் அடிப்பது

இப்போது கோட்டிங்குக்கு வரலாம். பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். ரெசின் ஊற்றி மூடிய பெட்டி என்றால் தொட வேண்டாம். திறக்கக்கூடிய பெட்டி என்றால், புதியவர்களுக்கு அக்ரிலிக் வகைதான் நல்லது. பிறகு பழுது பார்க்க நேர்ந்தால் கரைப்பான் தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாம். சிலிக்கோன் கோட்டிங் சூட்டையும் அதிர்வையும் நன்றாகத் தாங்கும், ஆனால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். யூரித்தேன் பூசிய போர்டில் நேரடியாகச் சோல்டர் வைத்தால் வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். எபோக்ஸியை ஊற்றிவிட்டால் அந்தப் போர்டைப் பழுது பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுவதற்கு முன்பே லேப்டாப்பை மாட்டி, எஞ்சின் செட்டிங் எல்லாம் அடங்கிய டியூன் ஃபைலை இரண்டு இடத்தில் சேமியுங்கள். பிறகு பெட்டியைக் கழற்றி, போர்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு, சோல்டர் வைத்தபோது படிந்த பழைய ஃப்ளக்ஸ் பசையின் கறை போகும்வரை கழுவுங்கள். அழுக்கின்மேல் கோட்டிங் அடித்தால் அந்த அழுக்கை நாமே பூட்டி வைத்த மாதிரி. நன்றாகக் காய்ந்த பிறகு கனெக்டர் பின், மேப் சென்சாரின் மூக்கு, மெமரி கார்டு செருகும் இடம், ஜம்பர், பெட்டியோடு ஒட்டிச் சூட்டைக் கடத்தும் பகுதி, ஸ்க்ரூ வழியாக எர்த் ஆகும் இடம் எல்லாவற்றையும் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப்பால் மூடுங்கள். புடு ஜாலான் பசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இந்தச் சாமான்களைத் தேடிப் பார்க்கலாம்.

ஒரே தடவையில் தடிமனாக அடிக்காமல், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒவ்வொரு முறையும் போர்டைக் கால்வட்டம் திருப்பினால், உயரமான பாகங்களின் நிழல் விழும் இடமும் மூடும். மழை பெய்யும் சாயங்காலத்தில் வீட்டு வராந்தாவில் இதைச் செய்யாதீர்கள். ஈரக் காற்றில் அக்ரிலிக் பால் போல வெளுத்துப் படியும். அறையில் ஏர்கோனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஈரத்தைக் குறைத்து, மாஸ்க் போட்டு, நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு அடித்து, உடனே ஜன்னலைத் திறந்து அறையை விட்டு வெளியேறுங்கள். ஒரு முழு நாள் காயட்டும். பெரும்பாலான கோட்டிங்கில் புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயம் இருக்கும். நோட்டு சோதிக்கும் சின்ன விளக்கை அடித்தால் விட்டுப்போன இடம் இருட்டாகத் தெரியும்.

நனைந்துவிட்டால்

வெள்ளத்தில் மாட்டிய காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பையன்கள் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, ஒரு தடவ கீ போட்டுப் பாத்திடவா?”

வேண்டாம் தம்பி. சுத்தமான தண்ணீர் போர்டை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது. தண்ணீரும் மின்சாரமும் சேரும்போதுதான் பின்னிலும் போர்டில் கரண்ட் ஓடும் தடத்திலும் உள்ள செம்பு கரைந்து, மெல்லிய மரக்கிளை மாதிரிப் பக்கத்துத் தடம் வரை படர்ந்து ஷார்ட் ஆகும். கீ போடாவிட்டாலும் சில பின்களில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் நிற்கும். ஆகவே முதல் வேலை பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுவது, அடுத்த வேலை இசியுவை வெளியே எடுப்பது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வந்த வெள்ளத்தைப் போன்ற தண்ணீர் என்றால் சேறும் சாக்கடையும் கலந்திருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் செய்வதாக இருந்தால் எதையும் கழற்றுமுன் போட்டோ எடுத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாக அடங்காது, அதற்கென்று தனிச் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும். பிறகு மாட்டிய சாமானைப் பாலிசியில் எழுதியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

போர்டை முதலில் டிஸ்டில்ட் தண்ணீரில் கழுவுங்கள். சேற்றையும் உப்பையும் தண்ணீர்தான் கரைக்கும், ஆல்கஹால் கரைக்காது. பிறகு ஆல்கஹால் ஊற்றிச் சிப்புகளுக்கு அடியில் தங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். மேப் சென்சாரின் மூக்கில் எதுவும் போகக் கூடாது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், அதனால் முதலில் ஃபேன் காற்றில் வாடை போகும்வரை ஆறவிட்டு, அதற்குப் பிறகே 50, 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் உலர்த்த வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு கூடவே கூடாது. அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வைத்தியத்தால் அரிசி மாவு போர்டில் ஒட்டுவதுதான் மிச்சம்.

பழுது பார்ப்பது

உலர்ந்த போர்டைப் பூதக்கண்ணாடி வைத்து மெதுவாகப் பாருங்கள். பச்சை, வெள்ளைப் பூப்பு, கறுத்த தடம், கனெக்டர் பின்னின் சோல்டரைச் சுற்றி மயிரிழை வட்டமாக ஒரு விரிசல் ஆகியவற்றைத் தேடுங்கள். அந்த வட்ட விரிசல் தண்ணீரால் வந்ததாக இருக்காது, ஒயர்க் கட்டைத் தாங்க கிளிப் போடாமல் கனெக்டரிலேயே தொங்கவிட்டதால் வந்திருக்கும். மழை நாளில் மட்டும் கோளாறு என்று வரும் பல காரில் கடைசியில் இதுதான் குற்றவாளி. ஹாஃப்கட்டோடு (பாதியாக வெட்டி இறக்குமதி செய்யும் பழைய கார்) வந்த தொண்ணூறுகளின் ஜப்பான் இசியுவைத் திறந்தால் மீன் வாடை அடிக்கிறதா என்று மோந்து பாருங்கள். அது எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கசிந்த வாடை. கசிந்த நீர் கீழே உள்ள தடத்தைத் தின்னும். 105 டிகிரி தாங்கும் புதுக் கெப்பாசிட்டர் போட்டு, அரித்த இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.

நேராகக் காரில் மாட்டிச் சோதிக்காமல், கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையில் 12 வோல்ட் கொடுங்கள். அரை ஆம்பியரில் வரம்பு வைத்தால், ஷார்ட் இருந்தாலும் போர்டு எரியாது. முதலில் பார்க்க வேண்டியது சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட். அது இல்லையென்றால் ரெகுலேட்டரோ, உள்ளே வரும் மின் அதிர்ச்சியைத் தாங்கும் டயோடோ போயிருக்கலாம். சில நேரம் போர்டில் குற்றமே இருக்காது, காரில் ஒரு சென்சார் ஒயர் ஷார்ட் ஆகி 5 வோல்ட்டை இழுத்துக்கொண்டிருக்கும்.

ஈயம் கலந்த 63/37 சோல்டர் 183 டிகிரியில் உருகும், வேலை செய்ய எளிது. இரும்பை 330 டிகிரி வாக்கில் வைத்து, ஃப்ளக்ஸ் தாராளமாகப் போட்டு, சட்டென்று முடியுங்கள். கனெக்டர் பின், கெப்பாசிட்டர், ரெகுலேட்டர், இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சிப் வரை கை பழகியவர் மாற்றலாம். ப்ராசஸரையும் பல அடுக்குப் போர்டின் உள் தடத்தையும் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

திரும்ப மாட்டும்போது

இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றி வைத்துவிட்டுக் கீ போடுங்கள். இசியுவின் டிரைவர் சிப் ஷார்ட் ஆகியிருந்தால் இக்னிஷன் காயில் எரியும், அல்லது சிலிண்டரில் பெட்ரோல் நிறையும். அதற்காகத்தான் இந்த முன்ஜாக்கிரதை. லேப்டாப்பில் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது மேப் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும், நம் ஊர் கடல்மட்டத்துக்கு அருகில்தானே. ராத்திரி முழுக்க நின்ற கார் என்றால் ரேடியேட்டர் தண்ணீரின் சூடும் எஞ்சின் இழுக்கும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். லேப்டாப் காட்டும் பேட்டரி வோல்ட்டும் மல்டிமீட்டர் காட்டுவதும் பொருந்த வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் த்ரோட்டில் எண் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

எல்லாம் சரி என்றால், அந்தக் கனெக்டர்களை இன்னும் மாட்டாமல், ஸ்டார்ட்டரால் எஞ்சினை ஒரு முறை சுற்றவிட்டு லேப்டாப்பில் ஆர்பிஎம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்து, டைமிங் லைட் அடித்து, லேப்டாப் சொல்லும் இக்னிஷன் டிகிரியும் புல்லியில் தெரிவதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

கடைசியாக, பெட்டிக்குக் கீழேயும் ஃபயர்வால் கிராமெட்டுக்குக் கீழேயும் ஒரு டிஷ்யூ பேப்பரை டேப்பால் ஒட்டி, அதில் மைப் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு விடுங்கள். அடுத்த பெரிய மழையில் வண்டி ஓட்டிய பிறகு எடுத்துப் பாருங்கள். மை கலைந்திருந்தால், எந்தப் பக்கம் கலைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து ஹோஸ் சோதனையை மறுபடி தொடங்கலாம்.